பெயரும் எலும்பும்

துனீசியப் பாலைநிலத்தில் கிடைத்த கடல் முதலையின் புதைபடிவத்துக்கு 2016-இல் 'மக்கிமோசாரஸ் ரெக்ஸ்' எனப் பெயரிட்டோர், அதன் நீளம் 9.6 மீட்டர் இருக்கலாம் என்றனர். வேறு அறிஞர் ஏறத்தாழ 7 மீட்டரே எனக் குறைத்தனர். கேமரன் மலைத் தோட்டப் பள்ளியில் என் மாணாக்கர் அதற்கு வருந்தவில்லை. முதலை எவருக்கும் உறவன்று.

அரியலூர்ப் பகுதியில் கிடைத்த எலும்புகளுக்கு 1979-இல் யாதகிரியும் அய்யாசாமியும் 'திராவிடோசாரஸ்' எனப் பெயரிட்டு, முதுகில் தகடுகள் கொண்ட டைனோசர் என்றனர். 1996-இல் சங்கர் சாட்டர்ஜி முதலானோர், அவை கடல்வாழ் பிளீசியோசாரின் எலும்புகள் என மறுத்தனர். இதைச் சொன்னதும் வகுப்பு கொதித்தது. "நம் பெயரைப் பறிக்கிறார்களா, ஐயா?" என்றான் ஒருவன். என் நெஞ்சும் அவன் பக்கமே சாய்ந்ததை மறைப்பானேன்? 2017-இல் கால்டனும் அய்யாசாமியும் அம்மறுப்பை ஏற்காது எழுதியதறிந்து மகிழ்ந்தேன். அம்மகிழ்ச்சி சான்றினால் வந்ததா, பெயரினால் வந்ததா? கரும்பலகையில் இரு கட்சிகளையும் எழுதினேன், முடிவை எழுதவில்லை.