வேன் கிளம்பிய பிறகு

மே மாத விடுமுறை நெருங்குகிறது. ஆழ்வார்பேட்டையிலும் சுற்றியுள்ள சபைகளிலும் வாலிபர் கூட்டங்கள் வெளிநாட்டு ஊழியப் பயணத்துக்குப் பெயர் சேர்க்கின்றன. இலங்கை மலையகம், நேபாளம், கம்போடியா என்று பேச்சு ஓடுகிறது. டீ-ஷர்ட் அச்சாகிறது, பலூனும் மிட்டாயும் மொத்த விலையில் வாங்கியாகிறது, ஆக்‌ஷன் பாட்டுக்கு ஒத்திகை நடக்கிறது. தம்பி தங்கைகளே, டிக்கெட் போடுமுன் ஒன்றைக் கேளுங்கள். அந்த ஊர்ப் பிள்ளைகளோடு பழகுவது கஷ்டமே இல்லை. ஐந்து நிமிடத்தில் ஒட்டிக்கொள்வார்கள். உங்கள் வேன் கிளம்பிய பிறகு அவர்களுக்கு என்ன ஆகிறது என்பதுதான் கேள்வி.

ஒரு பிள்ளைகள் இல்லத்தின் வாசலில் போய் இறங்குகிறீர்கள். ஐந்து வயதுச் சிறுமி ஓடிவந்து, முன்பின் பார்த்திராத அக்காவின் இடுப்பைக் கட்டிக்கொள்கிறாள். "எவ்வளவு பாசம்!" என்று உங்களுக்குக் கண் கலங்கும். ஆனால் வீட்டில் வளரும் பிள்ளை, புது ஆளைக் கண்டால் அம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒளியும். வருகிற எல்லாரையும் கட்டிக்கொள்ளும் பிள்ளை, பலரிடம் ஒட்டிப் பலரையும் இழந்த பிள்ளையாக இருக்கலாம். வெள்ளிக்கிழமை நீங்கள் போவீர்கள். திங்கட்கிழமை வேறொரு குழு அதே பாட்டோடு வந்திறங்கும்.

கம்போடியாவின் இல்லங்களில் இருந்த பிள்ளைகளில் நான்கில் மூன்று பேருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருந்ததை 2011-இல் யுனிசெஃப் துணையோடு வந்த ஆய்வு காட்டியது. வெளிநாட்டார் காணிக்கை வந்துகொண்டிருக்கும் வரை இல்லங்கள் பெருகும். இல்லத்தை நிரப்பப் பிள்ளைகள் வீட்டிலிருந்து பிரிக்கப்படுவார்கள். அநாதை இல்லங்களில் நடக்கும் இந்தத் தன்னார்வச் சுற்றுலாவின் கேடுகளைத் தடுக்கும்படி ஐ.நா. பொதுச்சபையே 2019-இல் நாடுகளைக் கேட்டுக்கொண்டது. ஆகவே இல்லங்களைப் பயணத் திட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள். அங்கே கொடுக்கவிருந்த பணம் பிள்ளை தன் வீட்டிலேயே வளர உதவும் வழிக்குப் போகட்டும்.

நம் மண்ணுக்கு வந்த மிஷனரிகள் எப்படிப் பழகினார்கள்? 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு, உள்ளூர் வாத்தியாரைத் தம் வீட்டிலேயே பள்ளி நடத்தச் சொல்லி, பிள்ளைகளோடு பிள்ளையாகத் தரையில் உட்கார்ந்து மணலில் தமிழ் எழுத்தை எழுதிப் பழகினார். ஏமி கார்மைக்கேல் 1895-இல் இந்தியா வந்தார். டோனாவூரில் பிள்ளைகளை வளர்த்தார். அயர்லாந்துக்குத் திரும்பாமலே 1951-இல் டோனாவூரிலேயே இறந்தார். பிள்ளைகள் அவரை அம்மா என்று அழைத்ததற்குப் பின்னால் ஓர் ஆயுள் இருந்தது. உங்கள் கையில் இருப்பது ஒரு வாரம். ஒரு வாரத்துக்கு வருகிறவர் விருந்தாளி. அம்மாவும் இல்லை, இரட்சகரும் இல்லை. விருந்தாளியாக நடந்துகொள்ளுங்கள். அந்த ஊர்ப் பிள்ளைகளின் விளையாட்டை அவர்களிடமே கற்றுக்கொள்ளுங்கள். தோற்றுப்போங்கள், சிரிக்கட்டும்.

மலையகம் போகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. காலையிலேயே தாய்மார் தேயிலைக் கொழுந்து பறிக்க மலையேறிவிடுவார்கள். லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், பிள்ளைகளும் வயதானவர்களும்தான் இருப்பார்கள். அந்த நேரம் பார்த்துக் கூட்டம் வைக்காதீர்கள். பெரும்பாலானவை இந்துக் குடும்பங்கள். பெற்றோருக்குத் தெரியாமல் ஒரு பிள்ளையை ஜெபம் சொல்லவைப்பது ஊழியம் அல்ல, திருட்டு. சாயங்காலம் அவர்கள் திரும்பியதும், உள்ளூர் ஆசிரியரையோ சபையாரையோ கூட்டிக்கொண்டு போய் வாசலில் நின்று கேளுங்கள். வேண்டாம் என்றால் வணக்கம் சொல்லித் திரும்புங்கள். நேபாளம் போகிறவர்களும் கவனியுங்கள்: அங்கே ஒருவரை மதம் மாற்றுவது சட்டப்படி குற்றம். நீங்கள் விமானம் ஏறிவிடுவீர்கள். பழி உள்ளூர் போதகர் தலையில் விழும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எந்தப் பிள்ளையோடும் தனியாக இருக்காதீர்கள். இரண்டு பெரியவர்கள், திறந்த கதவு. மடியில் இழுத்து உட்காரவைக்காதீர்கள். பெற்றோர் சம்மதமில்லாமல் போட்டோ எடுக்காதீர்கள். கிழிந்த சட்டைப் பிள்ளையோடு செல்ஃபி எடுத்து இன்ஸ்டாகிராமில் போடுவதற்கு ஊழியம் என்று பெயர் வைக்காதீர்கள். மிட்டாயைக் கூட்டத்தில் வீசாதீர்கள். கொடுப்பதைப் பள்ளியிடமோ பெற்றோரிடமோ கொடுங்கள். "அடுத்த வருஷமும் வருவேன்" என்று சொல்லாதீர்கள். நீங்கள் மறந்துவிடுவீர்கள், பிள்ளை மறக்காது. ஒரு பிள்ளை தனக்கு நடக்கும் கொடுமையைச் சொன்னால், ரகசியம் காப்பதாக வாக்குக் கொடுக்காமல், அங்குள்ள பொறுப்பாளர் யார் என்பதை முன்பே தெரிந்துவைத்து உடனே சொல்லுங்கள்.

சிறியவர்களுக்கு இடறல் உண்டாக்குகிறவர்களை இயேசு எவ்வளவு கடுமையாக எச்சரித்தார் என்பது ஞாயிறு பள்ளியில் படித்த உங்களுக்குத் தெரியும். அந்த எச்சரிக்கை கெட்ட எண்ணத்தோடு போகிறவர்களுக்கு மட்டும் அல்ல. நல்ல எண்ணத்தோடு கண்மூடிப் போகிறவர்களுக்கும்தான்.

ஆயர்களே, குழுத் தலைவர்களே, இந்த ஞாயிற்றுக்கிழமையே இவற்றை ஒரு தாளில் எழுதுங்கள். போகிற ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்குங்கள். கையெழுத்துப் போட மனமில்லாதவர் எவ்வளவு நன்றாகப் பாடினாலும் அவருக்கு டிக்கெட் போடாதீர்கள்.