முதுமைக்கு யார் பொறுப்பு?

வயதான பெற்றோரை யார் பார்த்துக்கொள்வது? சீனாவும் அமெரிக்காவும் எங்கே பிரிகின்றன என்று அறிய இந்த ஒரு கேள்வியே போதும்.

சீனச் சமூகவியலாளர் ஃபெய் சியாவ்தொங் இந்த வேறுபாட்டை 1983-இல் தெளிவாக வகுத்துக் காட்டினார். மேலைநாட்டுக் குடும்பம் தொடர் ஓட்டம் போன்றது. ஒரு தலைமுறை அடுத்ததை வளர்க்கிறது; அது தனக்கு அடுத்ததை வளர்க்கிறது. பெற்ற கடன் முன்னோக்கியே போகிறது. சீனத்திலோ அது திரும்பி வருகிறது. வளர்த்தவர்களைத் தளர்ந்த காலத்தில் பிள்ளை தாங்க வேண்டும். கன்பூசியஸ் வழி வந்த அறங்களில் இதுவே தலையாயது.

அமெரிக்கப் பெற்றோர் பலர் பிள்ளைகளுக்குப் பாரமாக இருக்க விரும்புவதில்லை. சொந்தக் காலில் நிற்பதே அங்கே மதிப்பு. ஆனால் 1929-இல் தொடங்கிய பொருளாதாரப் பெருமந்தம், சேமித்தவர், சேமிக்காதவர் என்று பாராமல் முதியவர்களை வீழ்த்தியது. 1935 ஆகஸ்ட் 14 அன்று அதிபர் ரூஸ்வெல்ட் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதன்படி மாத ஓய்வூதியத்தை முதலில் பெற்றவர் வெர்மாண்ட் மாநிலத்தைச் சேர்ந்த ஐடா மே ஃபுல்லர். சட்ட அலுவலகத்தில் வேலை பார்த்தவர், மணம் செய்துகொள்ளாதவர். அதற்காக அவர் செலுத்தியிருந்தது 24.75 டாலர். 1940 ஜனவரியில் வந்த முதல் காசோலை 22.54 டாலர். நூறு வயது வரை வாழ்ந்து, மொத்தம் 22,000 டாலருக்கு மேல் பெற்றார். அந்தப் பணத்தைத் தந்தவர்கள், அவர் முகம் பார்த்தே இராத தொழிலாளர்கள். தனிமனிதனைப் போற்றிய நாடு, முன்பின் தெரியாதவர்கள் ஒருவரையொருவர் தாங்கும் ஏற்பாட்டை உண்டாக்கியது.

சீனாவில் நடந்தது இதற்கு நேர்மாறு. 1980 முதல் 2015 வரை நீடித்த ஒற்றைக் குழந்தைக் கொள்கையால் ஒரு கணவன் மனைவியின் தோளில் நான்கு பெற்றோரின் முதுமை ஏறியது. தொழிற்சாலைகள் இளைஞர்களைக் கடலோர நகரங்களுக்கு இழுத்துக்கொண்டன. ஹூக்கோ எனும் குடிப்பதிவு முறையால், கிராமத்துப் பெற்றோரை நகரத்துக்கு அழைத்துவந்து உடன் வைத்துக்கொள்வதும் எளிதாக இல்லை. சீனப் புத்தாண்டான வசந்தவிழா விடுமுறையில் மட்டுமே பிள்ளை முகம் பார்த்தவர்கள் ஏராளம். கடைசியில், பிரிந்து வாழும் பிள்ளைகள் முதிய பெற்றோரை அடிக்கடி சென்று பார்க்க வேண்டும் என்று சட்டமே சொல்ல வேண்டியதாயிற்று. அது 2013 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அன்றே வூசி நகர நீதிமன்றம், 77 வயதுத் தாயை இரண்டு மாதத்துக்கு ஒருமுறையாவது போய்ப் பார்க்கும்படி ஒரு மகளுக்கு உத்தரவிட்டது. குடும்பத்தையே உயிராகக் கொண்ட நாட்டில், தாயைப் பார்க்க நீதிபதி சொல்ல வேண்டியிருந்தது.

இரண்டு நாடுகளும் தத்தம் பெருமை தளர்ந்த இடத்தில் சட்டத்தை ஊன்றுகோலாக எடுத்துக்கொண்டன. அமெரிக்கச் சட்டம் வென்றது, சீனச் சட்டம் தடுமாறுகிறது. காரணம் எளிது. முதுமைக்கு இரண்டு தேவைகள்: சோறும் துணையும். சோற்றை அந்நியரும் தரலாம். அரசு சட்டம் போட்டுத் திரட்டிக் கொடுக்கலாம். துணையை அப்படித் திரட்ட முடியாது. உத்தரவுக்கு அஞ்சி வந்து உட்கார்ந்திருக்கும் மகளால் எந்தத் தாயின் மனமும் நிறையாது.

ஆயினும், அன்பை மட்டும் நம்பியிருப்பதும் கொடுமையே. சீனக் கிராமத்து முதியவருக்கு 2022-இல் கிடைத்த ஓய்வூதியம் சராசரியாக மாதம் 200 யுவான் அளவுதான். மகன் அனுப்பும் பணத்தை எதிர்பார்த்திருக்கும் தந்தையால் அவனோடு மனம்விட்டுப் பேச முடியுமா? கோபித்துக்கொள்ளத்தான் முடியுமா? அமெரிக்காவிலோ ஓய்வூதியம் மாதம் தவறாமல் வருகிறது. ஆனால் 65 வயது கடந்தவர்களில் நான்கில் ஒருவருக்கு மேற்பட்டோர் தனியே வாழ்கிறார்கள். விரும்பியே அப்படி வாழ்பவர்கள் பலர். விருப்பமில்லாமல் வாழ்பவர்களுக்கு அந்தப் பணம் பேச்சுத்துணை ஆகாது.

பெற்றோரின் சோறு பிள்ளையின் மனநிலையை நம்பி இருக்கும்வரை, அவன் வருகையில் அன்பு எவ்வளவு, கடமை எவ்வளவு என்று இருவருக்குமே தெரியாது. அந்தச் சோற்றைச் சமூகம் உறுதிசெய்துவிட்டால், அதன்பின் அவன் வருவது அன்பால் மட்டுமே. முதியவர்களின் பசியை ஆற்றுவது அரசின் வேலை; அதை அரசிடம் உரிமையோடு கேட்போம். அவர்கள் அருகில் போய் உட்காருவது நம் வேலை. அதை யாரும் சொல்லும்வரை காத்திருக்க வேண்டாம்.