உதவி செய்வதும் செய்ய விடுவதும்



இயலாத ஒருவருக்கு வேண்டியவற்றையெல்லாம் நாமே செய்து கொடுப்பது புண்ணியம் என்று எமது பெற்றோர் எமக்குச் சொல்லித் தந்தனர். அதில் பிழையில்லை. ஆனால் எல்லாவற்றையும் செய்து கொடுப்பதே ஒருவரை இயலாதவராக வைத்திருக்கக் கூடுமா? இந்தக் கேள்வி, நானே செய்த ஒரு பிழையினால் என் மனதில் எழுந்தது.

என் தங்கையின் கணவர் எமது ஆலயத்தில் நீண்ட காலம் பூத்தொண்டு செய்தவர். விடியற்காலையில் நந்தியாவட்டையும் செவ்வரத்தையும் அலரியும் ஆய்ந்து, வாழைநாரில் மாலை கட்டி, காலைப் பூசைக்கு முன் கொண்டு வந்துவிடுவார். 2022ஆம் ஆண்டு ஐப்பசி மாதம் அவருக்குப் பாரிசவாதம் வந்தது. உயிர் தப்பினார். ஆனால் வலது கையும் காலும் விழுந்துவிட்டன.

வீட்டுக்கு வந்ததும் தங்கை சோறு குழைத்து ஊட்டினாள். மருமகன் குளிக்க வார்த்தான். நான் போய்ச் சேட் போட்டுவிடுவேன். ஊரார் எம்மைப் புகழ்ந்தனர். பூத்தொண்டு செய்வோரின் பெயர்ப் பட்டியல் என் பொறுப்பில் இருந்தது. அரசாங்க எழுதுவினைஞனாக இருந்து ஓய்வு பெற்றவனுக்குப் பட்டியலைத் திருத்துவது பெரிய வேலையா? இனி மச்சானைக் கஷ்டப்படுத்தக் கூடாது என்று எண்ணி, அவரிடம் ஒரு வார்த்தை கேளாமல் அவர் பெயரை வெட்டி வேறொருவர் பெயரை எழுதினேன். கருணை என்றே அன்று நினைத்தேன். அதை அறிந்த நாள் முதல் அவர் பேச்சைக் குறைத்துக்கொண்டார்.

சில வாரங்களின் பின் அவரைத் தொழில்வழிச் சிகிச்சைக்கு அழைத்துச் சென்றோம். சிகிச்சையாளரான பிள்ளைக்கு என் மகளின் வயதுகூட இராது. அவர் மச்சானைச் சேட் கழற்றச் சொன்னதும் நான் உதவிக்கு எழுந்தேன். "கொஞ்சம் இருங்கோ, ஐயா. அவர் செய்யட்டும்" என்றார். போடும்போது வாதம் வந்த கையை முதலில் நுழைக்கவும், கழற்றும்போது அதைக் கடைசியில் எடுக்கவும் பழக்கினார். பின்பு, "முந்தி விடிய எழும்பினால் என்ன செய்வீங்கள்?" என்று கேட்டார். "மாலை கட்டுவன்" என்று சொல்லி மச்சான் அழுதுவிட்டார். எனக்குத் தலை நிமிரவில்லை.

'தொழில்' என்றதும் நாம் சம்பளத்துக்குச் செய்யும் வேலையையே நினைக்கிறோம். இச்சிகிச்சையில் குளிப்பது, உடுப்பது, உண்பது, சமைப்பது, கும்பிடுவது எல்லாமே தொழில்தான். நோயாளி முன்பு செய்து வந்த காரியங்களைக் கொண்டே அவரை மீட்பது இதன் வழி. விபத்தில் தலையில் அடிபட்டவர்களுக்கும் இது உதவுகிறது. அவர்களில் சிலருக்குக் கைகால் நன்றாக இருக்கும். ஆனால் தேநீர் போடும்போது எதற்குப் பின் எது என்பது மறந்துவிடும். நாம் அதைச் சோம்பல் என்று ஏசுவோம். சிகிச்சையாளரோ அந்த வேலையைச் சிறு படிகளாகப் பிரித்து எழுதி, ஒவ்வொன்றாகப் பழக்குவார்.

1917ஆம் ஆண்டு அமெரிக்காவில் இத்துறைக்கான சங்கத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவர் ஜோர்ஜ் பார்ட்டன். கட்டடக் கலைஞரான அவரே காசநோயால் வருந்தியவர், இடப்பக்கம் செயலிழந்தவர், கைவேலைகள் செய்து தேறியவர். நோயின் வேதனையை அறிந்த ஒருவர் இதைத் தொடங்கியோருள் இருந்தது பொருத்தமே.

எட்வேர்ட் டோப் என்ற உளவியல் அறிஞர் இன்னோர் உண்மையைக் கண்டார். பாதிக்கப்பட்ட கையைப் பயன்படுத்த முயன்று தோற்பவர், நல்ல கையாலேயே எல்லாம் செய்யப் பழகி, ஓரளவு இயங்கக்கூடிய கையையும் மறந்துவிடுகிறார். 2006இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பாரிசவாதம் வந்து மூன்று முதல் ஒன்பது மாதங்களான 222 பேர் பங்குபற்றினர். ஒரு பகுதியினருக்கு இரண்டு வாரம், விழித்திருக்கும் நேரத்தின் பெரும்பகுதியில் நல்ல கைக்கு உறை மாட்டி, வாதம் வந்த கையால் பயிற்சி கொடுத்தனர். ஏனையோரைவிட அவர்கள் நன்கு தேறினர். ஒரு வருடத்தின் பின்னும் அப்பயன் நிலைத்திருந்தது. மணிக்கட்டிலும் விரல்களிலும் சிறிதாவது அசைவு உள்ளவர்களுக்கே இம்முறை ஏற்றது. ஆயினும் அதில் எமக்கும் ஒரு பாடம் உண்டு. நோயாளியின் நல்ல கையே மற்றக் கையை மறக்கச் செய்யுமானால், வீட்டார் எல்லோருடைய கைகளும் சேர்ந்தால் என்ன ஆகும்?

நாம் ஏன் எல்லாவற்றையும் செய்து கொடுத்தோம் என்று பின்னர் யோசித்துப் பார்த்தேன். அன்பு இருந்தது உண்மை. அதனுடன் அவசரமும் இருந்தது. அவர் பத்து நிமிடம் எடுப்பதைப் பார்த்திருக்க எமக்குப் பொறுமை இல்லை. ஊர் என்ன சொல்லுமோ என்ற பயமும் இருந்தது. பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருப்பதும் ஒரு தொண்டு என்பதை நாம் அறிந்திருக்கவில்லை.

இதைக் கைவிடுதல் என்று எவரும் கொள்ளக்கூடாது. விழுந்துவிடக்கூடியவரைத் தனியே நடக்க விடுவதும், விழுங்க முடியாதவரிடம் உணவைக் கொடுத்துவிட்டுப் போவதும் ஆபத்தானவை. எதை அவர் செய்யலாம், எதில் நாம் துணை நிற்கவேண்டும் என்பதைச் சிகிச்சையாளரிடம் கேட்டறிய வேண்டும். எல்லோரும் முழுதாகத் தேறுவதுமில்லை. சிலருக்கு இறுதிவரை நாம்தான் ஊட்டவேண்டும். அப்போதும் "எந்தக் கறி வேண்டும்?" என்று கேட்கலாமே.

மச்சான் ஆலயத்துக்கு வர மறுத்ததற்கு வேறொரு காரணமும் இருந்தது. இடது கையால் எப்படித் திருநீறு வாங்குவது என்ற கூச்சம். அந்தப் பிள்ளையே வழி சொன்னார்: இடது கையால் வலது கையைத் தாங்கி நீட்டச் சொன்னார். திருநீறு வாங்கும்போது நாமெல்லோரும் வலது கையின் கீழ் இடது கையை வைப்பதுதானே வழக்கம்!

மாலை கட்டவும் வழி கண்டார்கள். நாரின் ஒரு முனையை மேசைக்காலில் கட்டி, மறுமுனையை வலது கையின் பாரத்தால் அழுத்திக்கொண்டு, இடது கையால் பூவை வைத்து முடிச்சிடப் பழகினார். முதல் மாலைக்கு இரண்டு மணித்தியாலம் சென்றது. நீளம் இரண்டு சாண்தான். முடிச்சுகள் தளர்ந்து, வரும் வழியில் சில பூக்கள் உதிர்ந்தும் விட்டன. அம்பாளுக்குச் சாத்துவது குறையின்றி இருக்கவேண்டாமா என்று சபையில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். குருக்கள் ஐயா ஒன்றும் பேசாமல் மாலையை வாங்கிச் சென்று சாத்தினார். அன்றே பட்டியலில் வெள்ளிக்கிழமைக்கு மச்சானின் பெயரை மறுபடி எழுதினேன். இம்முறை அவரைக் கேட்டு எழுதினேன்.

இன்றும் அவரது வலது கை முழுதாகத் தேறவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமைகளில் அவரை எழுப்ப எவரும் தேவையில்லை.

அடியார்களே, உங்கள் வீட்டிலோ அயலிலோ இப்படி ஒருவர் இருந்தால், அவருக்கு எதைச் செய்து கொடுக்கலாம் என்று எண்ணுமுன், எதை அவர் செய்ய விரும்புகிறார் என்று கேளுங்கள். அதற்கு வேண்டிய பொறுமையை எம் எல்லோருக்கும் அம்பாள் தந்தருள்வாளாக.