வௌவால் கணக்கு

திரும்பக் கிடைக்கும் என்று நம்பிச் செய்கிற உதவி, உதவியா? ‘அதிலென்ன சார் தப்பு?’ என்று கேட்கிறவரா நீங்கள்? உங்கள் கட்சியில் ஒரு பிராணி இருக்கிறது. ரத்தம் குடிக்கும் வௌவால்.

பயப்படாதீர்கள், நம் ஊர்ப்பக்கம் கிடையாது. மெக்ஸிகோ முதல் அர்ஜென்டினா வரைதான் அதன் ராஜ்ஜியம். எடை 30, 40 கிராம். ராத்திரியில் கிளம்பிப் போய், தூங்குகிற மாட்டை லேசாகக் கடித்து, கசிகிற ரத்தத்தை நக்கிக் குடிக்கும். வேறு ஆகாரம் இல்லை. இரண்டு மூன்று நாள் சேர்ந்தாற்போல் பட்டினி என்றால், ஆள் காலி.

கோஸ்டா ரிகாவில் மரப்பொந்து மரப்பொந்தாக இவற்றைக் கவனித்த ஜெரால்ட் வில்கின்சன் என்ற விஞ்ஞானி, 1984-ல் ‘நேச்சர்’ இதழில் ஒரு சங்கதி எழுதினார். வெறும் வயிற்றோடு திரும்பியவளுக்கு, வயிறு நிறைந்தவள் தான் குடித்த ரத்தத்தைக் கக்கி, வாயோடு வாய் வைத்து ஊட்டுகிறாள். பெற்ற பிள்ளைக்கு என்றால் சரி, சொந்தபந்தம் இல்லாதவளுக்கும்! ஒரே நிபந்தனை, பழகிய முகமாக இருக்க வேண்டும்.

பி.காம். மூளைக்கு இது சட்டென்று பிடிபடும். பற்று, வரவு. நம் மொய் நோட்டு மாதிரி. ராபர்ட் ட்ரிவர்ஸ் என்ற உயிரியலாளர் 1971-லேயே இதற்குக் கணக்குப் போட்டுவிட்டார். கொடுப்பவருக்குச் சின்ன நஷ்டம், வாங்குபவருக்கு உயிரே மிச்சம், நாளைக்கு இடம் மாறலாம் என்றால், பரிணாமத்தில் இந்தப் பழக்கம் தழைக்கும். 2013-ல் வில்கின்சனும் அவருடைய மாணவர் ஜெரால்ட் கார்ட்டரும் கூண்டு வௌவால்களில் சோதித்தார்கள். யார் யாருக்கு ஊட்டுவார்கள் என்பதை ரத்த உறவைவிட, முன்பு யார் யாருக்கு ஊட்டினார்கள் என்பதுதான் நன்றாகக் காட்டியது.

ஆக, எல்லாம் வியாபாரம், அன்பு வெறும் வேஷம் என்று முடித்துவிட நிறையப் பேருக்கு ஆசை. எனக்கு உடன்பாடில்லை. கணக்கு இருக்கிறது, சரி. அதை எழுதுவது யார்? காலையில் நீங்கள் இட்லி சாப்பிடுவது, ‘செல்களுக்குச் சக்தி குறைகிறது’ என்று யோசித்தா? பசிக்கிறது, சாப்பிடுகிறீர்கள். சக்திக் கணக்கெல்லாம் இயற்கையின் இலாகா. உங்களுக்குத் தெரிவது பசி மட்டும். பசிக்குப் பின்னால் கணக்கு இருக்கிறது என்பதால் பசி பொய்யாகிவிடுமா என்ன? பரிவும் அப்படித்தான். (வௌவாலுக்கு மனசு உண்டா என்பது தனிக் கச்சேரி.)

2020-ல் கார்ட்டர் குழுவினர் வெளியிட்ட இன்னொரு ஆய்வு. முன்பின் தெரியாத வௌவால்களைச் சேர்த்து அடைத்தால், எடுத்த எடுப்பில் ரத்தம் தருவதில்லை. முதலில் ஒன்றன் ரோமத்தை ஒன்று நக்கிச் சுத்தம் செய்யும். அப்படிப் பழகியவற்றில் சில, பிறகு ஊட்ட ஆரம்பிக்கும். நாம் மட்டும் என்ன, அறிமுகமான அன்றே ஜாமீன் கையெழுத்தா போடுகிறோம்?

பனாமாவில் 2019-ல் நடந்ததைத்தான் எந்தப் பேரேட்டில் எழுதுவது என்று தெரியவில்லை. கூண்டுக்குள் வந்து சிநேகமான இரண்டு பெண் வௌவால்கள். ஒன்றுக்கொன்று உறவு இல்லை. ரோமம் சுத்தம் செய்வது, எப்போதாவது ஊட்டுவது என்று பழக்கம். ஒருத்திக்குக் குட்டி பிறந்தது. மூன்று வாரம்கூட ஆகவில்லை, நோய்வாய்ப்பட்டுச் செத்துப்போனாள். கடன் பாக்கி இருந்திருந்தால்கூட, வசூலிக்க இனி ஆள் இல்லை. மற்றவள் அந்தக் குட்டியைத் தன்னோடு சேர்த்துக்கொண்டாள். ஆராய்ச்சியாளர்கள் பார்த்தபோது, அவளுக்குப் பால் சுரந்துகொண்டிருந்தது.