குளக்கரையில் ஆளில்லாதவன்



பாரிசவாதத்தால் ஒரு கையும் காலும் விழுந்துபோனவர் ஆஸ்பத்திரியிலிருந்து உயிரோடு திரும்பினால், வீட்டார் நன்றிப் பூசைக்குக் கேட்கிறார்கள். நல்லது. ஆனால் வாரந்தோறும் வந்து பிசியோதெரபி செய்துகொள்ள வேண்டுமென்று டாக்டர் எழுதித் தந்த சீட்டு என்ன ஆகிறது? இரண்டு வாரம் போகிறார்கள், வலிக்கிறது என்று நோயாளி முனகுகிறார், நின்றுவிடுகிறது. "சர்வேசுரன் சித்தம் இவ்வளவுதான்" என்று ஒரு பேச்சும் எழுகிறது. அப்படிச் சொல்ல நமக்கு உரிமை உண்டா?

உயிரையும் சுகத்தையும் காக்கத் தேவையான சாதாரண வழிகளைக் கையாளுவது மனிதனின் உரிமை மட்டுமன்று, கடமையுமாம் என்று பாப்பரசர் 12-ம் பத்திநாதர் 1957 நவம்பரில் மருத்துவர்களுக்குப் போதித்தார். தனக்கோ பிறருக்கோ மிதமிஞ்சிய பாரமாகும் வழிகளைத் தேடக் கட்டாயமில்லை என்றும் அவரே சொன்னார்.

இந்தச் சிகிச்சை எவ்வகை? இதில் கத்தியில்லை. கையை உயர்த்துவது, விரலை மடக்குவது, எழுந்து நிற்பது. இதையே நூறுமுறை செய்வது. திரும்பத் திரும்பச் செய்வதால்தான் மூளை இழந்த வேலையை வேறு வழியாகக் கற்கிறது. முதல் சில மாதங்களில் கிடைக்கும் பலன் பிறகு எளிதில் கிட்டாது. சும்மா கிடந்தாலோ மூட்டுகள் இறுகிப்போம். ஆகவே இது சாதாரண வழியே.

ஆனால் யாருக்கு? அரியமங்கலத்தில் தினக்கூலிக் குடும்பம் ஒன்று நகரைக் கடந்து புத்தூர் பெரியாஸ்பத்திரிக்குப் போகவேண்டும். கூட்டிப்போகும் மகனுக்கு அன்றைய கூலி போயிற்று. மூன்று மாதம் இப்படியென்றால் இலவச வைத்தியமும் பாரமாகிவிடும். அவரைச் சோம்பேறி என்பது அநியாயம்.

அருளப்பர் சுவிசேஷம் 5-ம் அதிகாரத்தில், 38 வருஷம் வியாதியாய்க் கிடந்தவனைச் சுகமாக விருப்பமா என்று சேசுநாதர் கேட்கிறார். அவன் ஆம் என்று சொல்லவில்லை. குளத்தில் இறக்கிவிட ஆளில்லை என்கிறான். இதைச் சாக்கு என்பார் உண்டு. எனக்கோ இது அக்கம்பக்கத்தார்மேல் வைத்த வழக்காகவே படுகிறது. வேளாங்கண்ணிக்கு வேன் பிடிக்க நம்மில் ஆள் குறைவதில்லை அன்றோ!

ஆள் கிடைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு வேலூரைப் பாருங்கள். அங்கே கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் மேரி வர்கீஸ் 1954-இல் கார் விபத்தில் இரு கால்களின் இயக்கத்தையும் இழந்தார். உட்கார்ந்தபடியே கைகளுக்கு அறுவை செய்யலாமே என்று வழிகாட்டியவர் டாக்டர் பால் பிராண்டு. அவ்வாறே சக்கர நாற்காலியிலிருந்து தொழுநோயாளரின் முடங்கிய கைகளைச் சீர்ப்படுத்தினார். அமெரிக்கா சென்று மறுவாழ்வு மருத்துவம் கற்றுத் திரும்பினார். 1966-இல் வேலூரில் அதற்கென ஒரு நிலையம் எழும்பியது. 1986-இல் இறக்குமட்டும் அவர் கால்கள் திரும்பவேயில்லை. நடந்தால்தான் பலன் என்று எண்ணி நடுவில் விடுகிறவர்கள் இதைக் கவனிப்பார்களாக.

ஆட்டோ வைத்திருப்போரும், பொன்மலைப் பட்டறையில் ஓய்வுபெற்றோரும், வாரத்தில் ஒரு காலைப்பொழுதைத் தரக்கூடிய வாலிபரும் ஞாயிறு பூசைக்குப்பின் பெயர் கொடுக்கவும். துணை தேவைப்படும் வீட்டாரும் கூச்சமின்றிச் சொல்லவும். போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: நோயாளியை எழுப்பும்போது விழுந்துபோன கையைப் பிடித்து இழுக்கலாகாது, தோள்மூட்டு கெட்டுப்போம். எப்படித் தாங்குவதென்று பிசியோதெரபி செய்பவரிடம் முதல் நாளே கேட்டுக்கொள்ளவும்.