தேமல் ஒன்றா, நான்கா?

தேமல் பிடித்த மக்காச்சோளத்தின் குருத்திலையை வெயிலுக்கு எதிரே பிடித்தால், நரம்பை ஒட்டி ஓடும் வெளிர்பச்சைத் தீட்டுகள் தெரியும். வெகுகாலம் இதற்கும் கரும்பின் தேமலுக்கும் காரணம் ஒரே வைரசு என்றே கொண்டார்கள். வேறுபட்டவை எல்லாம் அதன் ரகங்கள். 1989இல் வைரசின் புரத உறையில் நுனிப்பகுதியை மட்டும் அடையாளம் காணும் எதிர்ப்பொருள்களால் சோதித்தபோது அந்த ஒன்று நான்காயிற்று: கரும்புத் தேமல், மக்காச்சோளக் குட்டைத் தேமல், சோளத் தேமல், ஜான்சன்புல் தேமல். வயலில் எதுவும் மாறவில்லை. பிரிந்தது வைரசா, பெயரா?

இந்த வைரசு ஒவ்வொன்றின் உடைமையும் ஏறத்தாழ 9,600 எழுத்து நீளமுள்ள ஓரிழை ஆர்.என்.ஏ. அதைப் படியெடுக்கும் நொதிக்குப் பிழை திருத்தத் தெரியாது. அதனால் ஒரு செடிக்குள் இருப்பது சற்றே மாறுபட்ட படிகளின் திரள். 'மூலப்படி' என்று ஒன்றைச் சுட்ட முடியாது. நோயைப் பரப்பும் அசுவினிப் பூச்சி இலையைக் குத்திப் பார்க்கும் சில நொடிகளில் அத்திரளில் ஒரு சிறு பங்கே அடுத்த செடிக்குப் போகிறது. போன இடத்தில் திரள் புதிதாகத் தொடங்கும்.

பெயர் எதைச் சுட்டுகிறது என்பது பழைய கேள்வி. பசுக்கள் எல்லாவற்றிலும் பசுத்தன்மை என்ற சாமானியம் (பொதுத்தன்மை) உண்மையாகவே உறைகிறது என்பது நியாய வைசேடிகர் கட்சி. காஞ்சியோடு மரபு சேர்த்துச் சொல்லும் பௌத்தத் தருக்கர் திக்நாகர் அதை மறுத்தார்: 'பசு' என்ற சொல் பசு அல்லாதவற்றை விலக்குகிறது, அவ்வளவே. மணிமேகலையின் 29ஆம் காதையில் விரிவது அவர் வழிவந்த தருக்கம்தான். வைரசு வகைப்பாட்டு விதியும் விலக்கலாகவே இருக்கிறது: இந்நான்கும் சேர்ந்த வைரசுக் குடும்பத்தில் மரபெழுத்து ஒற்றுமை 76 விழுக்காட்டுக்குக் கீழே போனால் வேறு இனம். ஆனால் அந்த எண் கண்ணை மூடிப் போட்டதல்ல. ஏராளமான வைரசுகளைச் சோடி சோடியாக ஒப்பிட்டபோது அந்த இடத்தில் சோடிகள் அருகியே இருந்தன. நியாயக்காரர் இங்கே கொஞ்சம் தலைநிமிரலாம்.

பயிர்களின் எல்லையும் அப்படி ஒன்றும் கெட்டியல்ல. கோவையில் உக்கடத்துக்கு மேற்கே, 1912இல் தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிறுவனத்தில் பணியாற்றிய ஜானகி அம்மாள், கரும்பையும் மக்காச்சோளத்தையும் கலந்து பெற்ற கலப்பினத்தைப் பற்றி 1938இல் எழுதினார். அசுவினிக்கு அந்த உறவு முன்பே தெரியும் என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

திக்நாகர் வழிவந்த ஏழாம் நூற்றாண்டின் தருமகீர்த்தி வேறோர் அளவுகோல் வைத்தார்: செயல் புரிவதே மெய். பயிர் வளர்ப்பவருக்கு உகந்த அளவுகோல் இதுதான். எந்த ரகம் எதற்குத் தாங்கும் என்பதுதான் அவர் கேள்வி. ஆனால் செயலும் தனித்து நிற்பதில்லை. கரும்புத் தேமல் வைரசு தனியே வந்தால் மக்காச்சோளம் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். மக்காச்சோள வெளிர்புள்ளி வைரசும் கூடச் சேர்ந்தபோது, 2011இல் கென்யாவில் வயல்கள் அடியோடு காய்ந்தன.

இந்தியக் கரும்பிலோ குழப்பம் தலைகீழ். அங்கே பரவலாக உள்ள கரும்புக் கீற்றுத் தேமல் வைரசு வேறு பேரினத்தைச் சேர்ந்தது. இலையில் அது போடும் தீட்டைக் கரும்புத் தேமல் வைரசின் தீட்டிலிருந்து கண்ணால் பிரித்தறிய முடியாது. அதனால் திசு வளர்ப்பு நாற்று நோயற்றதா என்று பார்க்கும்போது இரண்டு வைரசுகளுக்கும் தனித்தனியே சோதனை நடத்த வேண்டியிருக்கிறது.