காதைப் பொத்திய பிள்ளை

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தொழுகையை நீட்டி ஓத நாடி நிற்பார்கள். பின்னாலிருந்து ஒரு குழந்தையின் அழுகுரல் கேட்கும். தாயின் மனம் தவிக்குமே என்று தொழுகையைச் சுருக்கிக்கொள்வார்கள். புகாரி ஷரீபில் வரும் செய்தி இது. தாயை வெளியே போகச் சொல்லவில்லை என்பதை அன்பர்கள் கவனிக்க வேண்டும். தொழுகையின் நீளம்தான் மாறியது.

இதைப் பல பயான்களில் எடுத்துச் சொன்ன நாமே ஒரு ஜும்ஆவில் தவறினோம். ஸ்ரீரங்கத்திலிருந்து ஒருவர் தம் பத்து வயது மகனைத் திருச்சியில் நம் பள்ளிவாசலுக்கு அழைத்து வருவார். பிள்ளைக்கு ஆட்டிசம். அன்று நாம் குத்பா ஓதத் தொடங்கி ஒலிபெருக்கி முழங்கியதும், காதுகளைப் பொத்திக்கொண்டு முன்னும் பின்னும் ஆடினான். பெரியவர் ஒருவர் அதட்டினார். (குத்பாவின்போது பேசுவதே கூடாது என்பது வேறு விஷயம்.) தொழுகை முடிந்ததும், ஆறுதலாக இருக்கட்டுமென்று நாம் அவன் தலையைத் தடவினோம். அலறிவிட்டான். "பிள்ளையை அடக்கத் தெரியாதா?" என்று யாரோ கேட்டார்கள். அவன் அத்தா தலைகுனிந்து போனார். நாம் வாய் திறக்கவில்லை. அடுத்த வாரம் அவர்கள் வரவில்லை.

அரசுத் தாள்களில் இத்தகையோருக்குப் 'புற உலகச் சிந்தனையற்றோர்' என்று ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரே பிழை என்று நமக்குப் படுகிறது. பஸ்ஸில் வரும்போது ராஜகோபுரத்தின் 13 நிலைகளையும் ஒன்று விடாமல் எண்ணுகிற பிள்ளை அவன். ஆட்டிசமுள்ளவர்கள் வளர்ந்து தாமே எழுதியவற்றில் பலர் சொல்வது நேர்மாறானது: புற உலகம் அளவு மீறி உள்ளே வந்து விழுகிறது. மின்விசிறியின் இரைச்சல், டியூப்லைட்டின் துடிப்பு, அத்தர் மணம், சொல்லாமல் தொடும் கை, இவையெல்லாம் அவர்களைத் தாக்குகின்றன. உடலை ஆட்டுவது அடங்காமையன்று. தம்மை நிலைப்படுத்திக்கொள்ளும் வழி. முகம் பார்க்காதது மரியாதைக் குறைவுமன்று. கண்ணைப் பார்த்தால் சொல் காதில் ஏறுவதில்லை என்கிறார்கள் சிலர். ஜிம் சின்கிளேர் என்ற ஆட்டிசமுள்ள அமெரிக்கர் 1993-ல் பெற்றோரிடம் கேட்டுக்கொண்டதும், தம்மைப் போன்றோருக்காகத் துக்கம் காக்க வேண்டாமென்பதுதான்.

நம்மவரோ ஜின் என்று தாயத்துக்கு ஓடுகிறோம். இல்லாவிட்டால், 'எழுதுகோல் உயர்த்தப்பட்டோர்' பற்றிய ஹதீஸை ஆராயாமல் எல்லோர் மீதும் போட்டுவிடுகிறோம். அறிவு வேறு, பேச்சு வேறு. வாய் பேசாதவரிலும் விளங்கிக்கொள்பவர் உண்டு. அவருடைய தொழுகையைத் தட்டிப் பறிக்க நமக்கு என்ன உரிமை?

சென்ற வாரம் காவிரிப் பாலம் கடந்து அவர்கள் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம். அவன் அத்தா சொன்னார்: "வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணியானா தொப்பியை எடுத்துக்கிட்டு வாசல்ல வந்து நிக்கிறான், ஹஜ்ரத். நான்தான் கதவைச் சாத்திடறேன்."

வரும் ஜும்ஆவிலிருந்து கடைசி ஸஃப்புக்கு மேலுள்ள ஒலிபெருக்கியை நிறுத்திவைக்க முத்தவல்லி ஒப்புக்கொண்டிருக்கிறார். அவன் தலையை யாரும் தடவ வேண்டாமென்று ஜமாஅத்தாரிடம் சொல்லும் வேலை நம்முடையது.